நோயாளியின் படமா? நோயின் படமா?

விருத்தாசலம் என்றவுடன் பலருக்குப் பழமலைநாதர் கோவில்தான் ஞாபகத்திற்கு வரும். நமக்கோ அவ்வூர்ப் பீங்கான் தொழிலும், அதில் மண் குழைத்து, அச்சில் வார்த்து, சூளையில் அடுக்கும் தொழிலாளியுமே ஞாபகத்திற்கு வருகின்றார்கள்.

பீங்கானுக்காக அரைக்கும் கல்லிலிருந்து சிலிக்கா என்னும் நுண்தூசு கிளம்புகின்றது. வருஷக்கணக்கில் அதைச் சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறி இறுகும். சிலிக்கோசிஸ் என்னும் இவ்வியாதி வந்தால் தீராது, வராமல் தடுக்கலாம். 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே இதை டாக்டர்கள் சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டிய வியாதிகளில் ஒன்றாகச் சேர்த்திருந்தது. அப்படியிருக்க, மூச்சு வாங்குகிறவனைப் பார்த்துத் "தலையெழுத்து" என்பது எவ்வளவு அறியாமை! தூசு தலையெழுத்தைப் படித்துப் பார்த்தா உள்ளே போகின்றது?

ஜனங்களோடு கூடவே இருந்து, அவர்கள் வியாதியை எப்படி அனுபவிக்கின்றார்கள் என்று ஆராய்வதற்கு மருத்துவ மானிடவியல் என்று பெயர். அவ்வாராய்ச்சியைப் போட்டோக்களை வரிசைப்படுத்தி, விவரம் எழுதி வெளியிடும் வழக்கத்தை நாம் வரவேற்கின்றோம். ஏனெனில் எக்ஸ்ரே படம் தழும்பைக் காட்டும். அது எந்தக் கொட்டகையில் ஏற்பட்டது என்பதைக் காட்டாது.

ஆனால் போட்டோ எல்லாம் நன்மை செய்துவிடாது. மருத்துவம் படித்த எட்கர் தர்ஸ்டன், 1885 முதல் 1908 வரை சென்னை மியூசியத் தலைவராயிருந்து, ஜாதி ஜாதியாக ஆட்களை நிறுத்தி மூக்கை அளந்தார், போட்டோவும் பிடித்தார். 1909இல் ஏழு வால்யூம்கள் வெளிவந்தன. அளக்கப்பட்டவனுக்குக் கிடைத்ததென்ன? அவன் ஜாதி அச்சேறியதுதானே!

ஜப்பானில் மினமாட்டா என்னும் ஊரில், தொழிற்சாலை கடலில் விட்ட பாதரசம் மீன் வழியாக ஜனங்களின் நரம்பைக் கெடுத்தது. யூஜீன் ஸ்மித்தும் அவர் மனைவி ஐலீனும் 1971இல் அங்கு சென்று, மூன்று வருஷம் குடியிருந்து படம் பிடித்தார்கள். நோயாளியை மட்டுமல்ல, கழிவுநீர் விழும் இடத்தையும், நியாயம் கேட்டுப் போராடியவர்களையும் காட்டினார்கள். ஒரு தாயும் நோயுற்ற மகளும் உள்ள பேர்பெற்ற படத்தை, பெற்றோர் மனமறிந்து, 1998இல் ஐலீன் வெளியிடாமல் நிறுத்தினார். இதுவன்றோ மனிதனை மனிதனாக மதிப்பது!

ஆகவே விருத்தாசலத்திற்குக் காமிராவோடு வருகிறவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். சம்மதமின்றிப் பிடிக்காதீர்கள். வேலை போய்விடுமென்று அஞ்சுகிறவன் முகத்தை மறைத்துவிடுங்கள். இருமுகிறவனோடு நில்லாமல், தூசு பறக்கும் அரவை மில்லையும், தண்ணீர் தெளிக்காமல் பெருக்கும் துடைப்பத்தையும், தூசை இழுக்கும் விசிறி இல்லையென்றால் அந்த வெறுஞ்சுவரையும் பிடியுங்கள். அப்படங்களைப் பட்டணத்து மண்டபத்தில் மாட்டுவதற்கு முன், தமிழில் விவரமெழுதி, அவ்வூர்த் தொழிலாளிக்கே காட்டுங்கள். தப்பிருந்தால் அவனே திருத்தட்டும்.

பார்த்தவர்கள் "ஐயோ பாவம்" என்று போய்விட்டால் படத்தால் பயனில்லை. "இந்தத் தூசை அடக்க வேண்டியவர் யார்? ஏன் அடக்கவில்லை?" என்று தொழிலாளி கேட்கத் துணிந்தால்தான் அந்த ஆராய்ச்சிக்குப் பலன் உண்டு என்பது நமது அபிப்பிராயம்.