பச்சிளம் இதயங்களுக்கான கருவிகள்: அரசு பொறுப்பேற்க வேண்டும்

இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெருங்குழாய்களும் இடம் மாறிப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. நுரையீரலில் சுத்தமாகும் ரத்தம் உடம்புக்குப் போகாமல் நுரையீரலுக்கே திரும்பிவிடும். குழந்தை நீலம் பாரிக்கும். அறுவை சிகிச்சைக்குத் தயார்ப்படுத்தும்வரை உயிரைப் பிடித்து வைக்க, தொப்புளிலோ தொடையிடுக்கிலோ உள்ள ரத்தநாளம் வழியாக கதீட்டர் என்னும் மெல்லிய குழாயை இதயத்தின் இடது மேலறைவரை செலுத்துகிறார்கள். அதன் நுனியில் இருக்கும் சிறு பலூனை நிரப்பி, மருத்துவர் ஒரே வெட்டிழுப்பாக இழுக்கிறார். மேலறைகளுக்கு நடுவே உள்ள மெல்லிய சுவர் கிழிந்து, இருவகை ரத்தமும் கலக்கின்றன. சற்று நேரத்தில் குழந்தையின் உதட்டில் சிவப்பு ஏறுகிறது. ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த வில்லியம் ராஷ்கைண்ட் 1966-இல் உலகுக்குத் தெரிவித்த முறை இது. இன்றும் பல இடங்களில் கேத் லேபுக்குக்கூடக் கொண்டுபோகாமல், தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே எக்கோ பார்த்தபடி இதைச் செய்கிறார்கள்.

இத்தனை எளிய, இத்தனை இன்றியமையாத அந்தப் பலூன் கதீட்டரைத் தயாரிக்கும் நிறுவனங்களை இன்றும் விரல்விட்டு எண்ணிவிடலாம். காரணம் தொழில்நுட்பம் அல்ல. வாங்குவோர் குறைவு, அவ்வளவுதான். பிறவி இதயக் குறைபாடு அரிதானது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆயிரம் குழந்தைகளில் எட்டு அல்லது ஒன்பது பேருக்கு அது இருக்கிறது. இந்தியாவில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இக்குறைபாட்டோடு பிறக்கிறார்கள், அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முதல் வயதுக்குள்ளேயே சிகிச்சை தேவை என்பது மருத்துவர்களின் மதிப்பீடு. ஆனால் குறைபாடுகள் பல வகை. ஒவ்வொரு வகைக்கும், ஒவ்வொரு எடைக்கும் வேறு அளவுள்ள கருவி வேண்டும். பிரித்துப் பார்த்தால் எந்த அளவும் பெரிய வியாபாரமாகத் தேறாது. ஆகவே இதைச் சந்தையின் போக்கில் விட்டுவிட முடியாது. பச்சிளம் குழந்தைகளுக்கான இதயக் கருவிகளுக்கு மத்திய அரசு தனி உரிம வழியும் தனி நிதியும் தர வேண்டும்; மாநிலங்கள் ஒன்றுசேர்ந்து கொள்முதல் செய்ய வேண்டும்.

இப்போது என்ன நடக்கிறது? நுரையீரலுக்கான வால்வு அடைபட்டுப் பிறக்கும் குழந்தை உயிர்வாழ்வது, கருவில் திறந்திருந்த ஒரு சிறு ரத்தக்குழாய் மூடாமல் இருக்கும்வரைதான். பிறந்த சில நாட்களில் அது தானாக மூடத் தொடங்கும். அதைத் திறந்தே வைக்க மருத்துவர்கள் பொருத்தும் ஸ்டென்ட் பெரும்பாலும் மாரடைப்பு வந்த ஐம்பது வயதுக்காரருக்கென்று செய்யப்பட்டது. உரிமத்தில் இந்தப் பயன்பாடு குறிக்கப்பட்டிருக்காது. மருத்துவரின் கைத்திறனும் துணிச்சலும்தான் இடைவெளியை நிரப்புகின்றன. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு இதய ஸ்டென்ட்களுக்கு விலை உச்சவரம்பு விதித்தபோது இந்தக் குழந்தைகளும் பலனடைந்தார்கள். ஆனால் அந்த ஆணை எழுதப்பட்டது பெரியவர்களை மனத்தில் வைத்து. பெரியவர்களின் பெட்டியில் கிடைப்பதை எடுத்துக் குழந்தைக்குப் பொருத்தும் வரைதான் அந்தச் சலுகையும்.

குழந்தைக்கென்றே வடிவமைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். மேலே சொன்ன அதே ரத்தக்குழாய் குறைமாதக் குழந்தைகள் பலருக்கு மூடவேண்டிய நேரத்தில் மூடாமல் நுரையீரலைத் திணறடிக்கும். நெஞ்சைத் திறக்காமல் கதீட்டர் வழியாக அதை அடைக்கலாம் என்று பெர்லினில் வெர்னர் போர்ஸ்ட்மன் 1967-இலேயே காட்டிவிட்டார். 700 கிராம் எடையுள்ள குழந்தைக்கும் பொருத்தலாம் என்று அமெரிக்க அரசு அனுமதித்த முதல் அடைப்பான் வந்தது 2019 ஜனவரியில். பிக்கோலோ என்ற அந்த நிட்டினால் (ஓர் உலோகக் கலவை) கம்பி வலை பட்டாணியைவிடச் சிறியது. நடுவே அரை நூற்றாண்டு போயிற்று. இரண்டாவது, மினிமா என்னும் ஸ்டென்ட். 2024-இல் அதே நாட்டில் அனுமதி பெற்றது. பெருநாடி சுருங்கிப் பிறந்த குழந்தைக்குச் சாதாரணச் சிறு ஸ்டென்ட் வைத்தால், குழந்தை வளரும், ஸ்டென்ட் வளராது. நாளடைவில் சிகிச்சையே அடைப்பாக மாறும். மினிமாவைப் பிற்காலத்தில் பலூன் கொண்டு படிப்படியாக விரித்துக்கொள்ளலாம். வளரப்போகும் உடம்பை முதலிலேயே கணக்கில் எடுத்த வடிவமைப்பு இது.

தனி உரிம வழி என்று விதிகளைத் தளர்த்தினால் பாதுகாப்பு கெடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம். ஆனால் ஐரோப்பாவின் அனுபவத்தையும் பார்க்க வேண்டும். மார்பகத்தில் பொருத்தும் சிலிக்கோன் பைகளில் நடந்த மோசடிக்குப் பிறகு அங்கே கருவிகளுக்கான விதிகள் கடுமையாக்கப்பட்டு 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. நோக்கம் நல்லதுதான். மறு சான்றிதழுக்கு ஆகும் செலவோ, குறைவாக விற்கும் கருவிகளின் மேல்தான் பெரும் பாரமாக விழுந்தது. குழந்தை இதய மருத்துவர்கள் தங்கள் கருவிகள் சந்தையை விட்டே போய்விடும் என்று எச்சரித்த பிறகு, 2023-இல் கெடு நீட்டிக்கப்பட்டது. 2024-இல் அரிய கருவிகளுக்கென்று தனி வழிகாட்டுதல் வந்தது. நாம் அந்தப் பாதையில் இடறி விழுந்து கற்க வேண்டியதில்லை. இந்தியாவில் அரிய நோய் மருந்துகளுக்கு 2019 விதிகளில் இலக்கணம் வகுத்தோம்: 5 லட்சத்துக்கு மிகாதவர்களைப் பாதிக்கும் நோய்க்கான மருந்து என்று. கருவிகளுக்கும் அதற்கு நிகரான பிரிவு வேண்டும். அதோடு, பொருத்தப்படும் ஒவ்வொரு கருவியும் தேசியப் பதிவேட்டில் ஏற வேண்டும். எத்தனை குழந்தைக்குப் பொருத்தினோம், எத்தனை பேருக்குக் கருவி நழுவியது, ஐந்து ஆண்டு கழித்து எப்படி இருக்கிறார்கள் என்ற கணக்கு இல்லாமல் பெரியவர்களின் ஸ்டென்ட்டைப் பச்சிளம் குழந்தைக்குப் பொருத்துவதை விடவா இந்தத் தனி வழி ஆபத்து?

நிதிப் பக்கம் வருவோம். உள்நாட்டில் கருவி தயாரிப்போருக்கு மத்திய அரசு 3,420 கோடி ரூபாயில் ஊக்கத்தொகைத் திட்டம் வைத்திருக்கிறது. கூடுதலாக விற்பதில் 5 சதவீதம் ஊக்கத்தொகை என்பது அதன் அடிப்படை. விற்பனையே சொற்பமாக இருக்கும் பொருளுக்கு இந்தக் கணக்கில் என்ன கிடைக்கும்? ஸ்கேன் இயந்திரம் செய்பவருக்கு ஆதாயம். இரண்டு கிலோ குழந்தைக்குக் கதீட்டர் செய்ய முன்வருபவருக்கு ஒன்றுமில்லை. இவர்களுக்கு வடிவமைப்புச் செலவையும் சோதனைச் செலவையும் முன்கூட்டியே தர வேண்டும்.

திறமை நம்மிடம் இல்லாமலில்லை. 1990-இல் உள்நாட்டு இதய வால்வைப் பொருத்திக் காட்டிய திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம், மேலறைச் சுவரில் உள்ள ஓட்டையை அடைக்கும் நிட்டினால் கருவியையும் உருவாக்கி, தயாரிப்புக்கென 2020-இல் தனியார் நிறுவனத்துக்குத் தந்திருக்கிறது. அந்த ஆய்வகத்திடம் அடுத்த வேலையாகப் பச்சிளம் குழந்தைக்கான அளவுகளைக் கேட்க வேண்டியது அரசுதான்.

தமிழ்நாட்டுக்கு இதில் முன்கை எடுக்கும் தகுதி இருக்கிறது. மொத்தமாக வாங்கி விலையைக் குறைக்கலாம் என்பதை 1994 முதல் மருந்துகளில் நிரூபித்துவரும் மருத்துவப் பணிகள் கழகம் நம்முடையது. ஒரகடத்தில் மருத்துவக் கருவிப் பூங்கா நம்முடையது. குழந்தை இதய சிகிச்சைக்கென்றே ஹிருத்யம் திட்டத்தை நடத்தும் கேரளம் பக்கத்தில் இருக்கிறது. இரு மாநிலங்களும் சேர்ந்து, பலூன் கதீட்டர், குறைமாதக் குழந்தைக்கான அடைப்பான், விரித்துக்கொள்ளக்கூடிய ஸ்டென்ட் ஆகியவற்றுக்கு ஐந்தாண்டு கொள்முதல் உறுதி கொடுத்து டெண்டர் விடட்டும். இத்தனை எண்ணிக்கை, இந்த விலை, இத்தனை ஆண்டு என்று எழுத்தில் இருந்தால் தயாரிக்க ஆள் வரும். வரும் நிதிநிலை அறிக்கையில் இதற்கு ஒரு தலைப்பு ஒதுக்குமாறு மக்கள் நல்வாழ்வுத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.