உங்கள் கணவர் எப்படி உறங்குகிறார்?



கணவரின் குறட்டையைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் வீடுகளில் சிரிப்புத்தான் எழும். "நானா? நீ கனவு கண்டிருப்பாய்" என்று அவர் மறுப்பார். அதில் பொய்யில்லை. உறங்குபவருக்குத் தம் குறட்டை கேட்பதில்லை, கேட்பவர் நீங்கள்தான். ஆகவேதான் ஆண்களின் நித்திரையைப் பற்றிய இவ்விடயத்தை உங்களுக்கு எழுதுகிறேன்.

ஓர் இரவு விழித்திருந்து கவனியுங்கள். அவர் மல்லாந்து படுத்திருக்கிறார். குறட்டை உரத்துக்கொண்டே போய்த் திடீரென நிற்கிறது. அப்பாடா என்று நீங்கள் கண்ணை மூடுகிறீர்கள். அந்த அமைதிக்குத்தான் பயப்பட வேண்டும். நெஞ்சும் வயிறும் மூச்சிழுக்கப் பாடுபடுகின்றன. காற்று உள்ளே போவதில்லை. 10 விநாடி, 20 விநாடி கழிந்து ஒரு திணறலோடு மூச்சு வருகிறது. பிறகு பழையபடி குறட்டை.

இதனை ஸ்லீப் அப்னியா என்பர். மல்லாந்து படுக்கும்போது நாக்கின் அடிப்பகுதியும் மேலண்ணத்தின் மென்சதையும் பின்னே சரிந்து தொண்டையை அடைத்துக்கொள்கின்றன. உடல் பருத்த ஆண்களிடம் இது அதிகம். அவருக்குச் சட்டை வாங்கும்போது கழுத்தளவு 17 அங்குலத்தைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். வைத்தியர்களும் அதைக் கேட்பார்கள். இவ்வாறு மூச்சு நிற்பது இரவுதோறும் தொடர்ந்தால் பிரஷர் ஏறும், இதயம் களைக்கும். காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம். அவர் வேனோ லொறியோ ஓட்டுபவராயின் ஸ்டியரிங்கில் ஒரு கணம் கண்ணயர்ந்தாலே போதும். "சோம்பேறி" என்று ஏசுமுன் இதையும் யோசியுங்கள்.

ஒருக்களித்துப் படுத்தால் பலருக்கு இந்த அடைப்புக் குறைகிறது. வுளூச் செய்து வலப்புறமாகச் சாய்ந்து படுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸில், புஹாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். நாம் ஸுன்னத்தைப் பேணுவது மருந்துக்காக அல்ல. ஆயினும் அதில் உடலுக்கும் நலமிருப்பது மகிழ்ச்சிதானே. குப்புறப் படுப்பதை அன்னார் விரும்பவில்லை. அப்படிப் படுப்பவர் மூச்சுவிட முகத்தை ஒரு பக்கம் திருப்பியே வைத்திருக்க வேண்டும். கழுத்தும் இடுப்பும் காலையில் வலிப்பது அதனால்தான்.

தூக்கத்தில் அவர் திரும்பவும் மல்லாந்து விடுகிறாரா? பழைய சட்டையொன்றின் முதுகில் பை தைத்து, பிள்ளைகளின் டெனிஸ் பந்தை அதனுள் போட்டுத் தைத்துவிடுங்கள். புரண்டால் பந்து உறுத்தும். தானே பக்கவாட்டில் திரும்புவார்.

நெஞ்செரிவுள்ளவரின் கதை வேறு. இரைப்பை அமைந்துள்ள விதத்தால், இடப்புறம் படுத்தால் புளிப்பு நீர் மேலேறுவது குறையும், வலப்புறத்தில் கூடும். "அப்படியானால் ஸுன்னத்?" என்று கேட்பீர்கள். வலப்புறமாகவே படுக்கையைத் தொடங்கட்டும். எரிவு வந்தால் இடப்புறம் திரும்பட்டும். நோயாளியை மார்க்கம் நெருக்குவதில்லை. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வைத்து 6 அங்குலம் உயர்த்துவதும் நல்லது. தலையணைகளை மட்டும் அடுக்கினால் வயிறு மடங்கி எரிவு கூடவும் கூடும். ஸஹர் உண்ட கையோடு சரிவதுதான் ரமழானில் பல ஆண்கள் செய்யும் தவறு.

பந்தும் செங்கல்லும் எல்லாருக்கும் போதா. மூச்சு நிற்பதை நீங்கள் கண்டிருந்தால் வைத்தியரிடம் நீங்களும் கூடப் போங்கள். அவர் தனியே போனால் "நல்லாத் தூங்குறேன் டொக்டர்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். இரவு முழுதும் கருவி பொருத்திப் பார்க்கும் பரிசோதனை உண்டு. 1981ஆம் ஆண்டு முதல் அறியப்பட்ட, மூக்கில் முகமூடி மாட்டிக் காற்றைச் செலுத்தும் இயந்திரமும் உண்டு. மட்டமாகப் படுத்தால் மூச்சுத் திணறுகிறது, எழுந்து உட்கார்ந்தால்தான் ஆறுகிறது என்று அவர் சொன்னாலோ அது இதயத்தின் கோளாறாக இருக்கக்கூடும்; நாளைக்கென்று தள்ளிப் போடாதீர்கள்.

வர மறுத்தால், இன்றிரவே அவருடைய குறட்டையைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து, காலைத் தேநீரோடு போட்டுக் காட்டுங்கள்.