உமிழ்நீரும் ஓர் ஆயுதமே: பறித்ததைத் திருப்பிக் கொடுங்கள்!

கடந்த வாரம் கற்பிட்டியில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். வெளியே சோளகம் வாரி அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே பேரன் மடிக்கணினியின் முன் வியர்த்துக்கொண்டிருந்தான். 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' என்றொரு இணைய விளையாட்டாம். திரையில் வில்லேந்திய ஒருவனும் வாளேந்திய ஒருவனும் பொருதிக்கொண்டிருந்தனர். முதியவனுக்கு விளங்காது என்று ஒதுக்கிவிடாமல் எனக்கு அவன் விளக்கம் சொல்லத் தொடங்கினான்.

"அம்மப்பா, இந்த வேட்டைக்காரனிட்ட முந்தி 'கில் ஷொட்' எண்டு ஒரு அடி இருந்தது. எதிரி சாகப் போற நேரத்தில அடிக்கிற கடைசி அடி. அதை ஒருக்கா எடுத்துப் போட்டாங்கள். பிறகு திருப்பிக் குடுத்திட்டாங்கள்."

"ஏன் எடுத்தார்கள்? ஏன் கொடுத்தார்கள்?" என்று பத்திரிகைக்காரனின் பழக்கத்தில் கேட்டு வைத்தேன். அதற்குக் கிடைத்த பதிலே இந்தப் பத்தியை எழுத வைத்தது.

அந்த விளையாட்டில் வீரர்கள் பல வகுப்பினர். ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனித் திறன்கள் உண்டு. 2016ஆம் ஆண்டு வெளிவந்த 'லீஜன்' என்ற பதிப்பையொட்டி, திறன்கள் மிதமிஞ்சிவிட்டன என்று கருதிய பிளிஸார்ட் நிறுவனம் பலவற்றைக் கத்தரித்தது. வேட்டைக்காரனின் கடைசி அடியும் அவற்றோடு போயிற்று. கத்தரித்தது கூடிப்போயிற்று என்ற முறைப்பாடு ஆடுவோரிடமிருந்து ஓயாமல் எழுந்தது. ஈற்றில், 2020இல் 'ஷடோலாண்ட்ஸ்' பதிப்பு வந்தபோது அவற்றுள் பல திரும்பி வந்தன. எல்லா வேட்டைக்காரர்களுக்கும் அந்த அடி மீண்டும் கிடைத்தது. ஆளோடு ஆள் மோதும் விளையாட்டில் ஒரு தரப்பின் கையிலிருந்த ஒன்றைப் பிடுங்கினால், மறுதரப்பின் வலிமை தானாகவே கூடிவிடும் என்பதை அறிய அந்த நிறுவனத்துக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன. அறிந்த பின் திருத்திக்கொள்ள அது வெட்கப்படவில்லை.

நிற்க.

அதே 2020இல்தான் மற்றொரு விளையாட்டில், நாமெல்லாம் உயிராய் நேசிக்கும் ஒரு விளையாட்டில், ஒரு வகுப்பாரின் கையிலிருந்து ஓர் ஆயுதம் பறிக்கப்பட்டது. வகுப்பார் பந்துவீச்சாளர்கள். ஆயுதம் உமிழ்நீர். அது இன்னும் சர்வதேசப் போட்டிகளில் திருப்பிக் கொடுக்கப்படவில்லை. கொடுக்கப்பட வேண்டும் என்பதே எனது வாதம்.

நடந்ததை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன். கொவிட்-19 பெருந்தொற்றின் நடுவே, 2020 மே மாதத்தில், அனில் கும்ப்ளே தலைமையிலான சர்வதேச கிரிக்கெட் பேரவையின் குழு, பந்தை மெருகூட்ட உமிழ்நீரைப் பயன்படுத்துவதைத் தடைசெய்யுமாறு பரிந்துரைத்தது. ஜூன் மாதத்தில் பேரவை அதனை ஏற்றது. வியர்வைக்குத் தடையில்லை. மீறினால் எச்சரிக்கை, தொடர்ந்து மீறினால் எதிரணிக்கு 5 ஓட்டங்கள். ஜூலையில் இங்கிலாந்தும் மேற்கிந்தியத் தீவுகளும் சவுத்ஹாம்ப்டனில் மோதியபோது நடைமுறைக்கு வந்தது. உலகம் மூச்சுவிடவும் அஞ்சிக்கொண்டிருந்த அந்நாட்களில் அது நியாயமான முடிவே. நானும் இதே பக்கத்தில் அதனை ஆதரித்திருப்பேன்.

ஆனால் தற்காலிகம் என்று வந்த விதி, 2022 ஒக்டோபர் 1ஆம் திகதி நிரந்தரமாயிற்று. 2023 மே 5ஆம் திகதி, கொவிட் உலகளாவிய சுகாதார அவசரநிலை முடிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனமே அறிவித்தது. நோய்க்காக வந்த தடை, நோயின் அவசரம் முடிந்த பின்னும் நிற்கிறது. ஊரடங்குச் சட்டம் நீங்கிய பின்னும் வீதித்தடையை மட்டும் எடுக்காமல் விட்ட காட்சிகளை இந்த நாட்டில் நாம் போதுமான அளவு கண்டிருக்கிறோம். இதுவும் அந்த வகைதான்.

உமிழ்நீரில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்போருக்காக ஒரு சிறு விளக்கம். பந்தின் ஒரு பக்கம் பளபளப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருந்தால், இரு பக்கமும் காற்று ஒரேமாதிரி வழுக்கிச் செல்லாது. பந்து ஒரு பக்கமாக வளையும். புதிய பந்துக்கு இந்த மெருகு கடையிலிருந்தே வருகிறது. பழைய பந்துக்கோ வீரர்கள்தான் அதனைக் காத்துக்கொடுக்க வேண்டும். போதிய அளவு பழசான பந்து, வேகமாக வீசப்படும்போது, எதிர்பார்த்த திசைக்கு மாறாக வளையும். அதுவே 'ரிவர்ஸ் ஸ்விங்'. புல் இல்லாத, காய்ந்த, தேய்க்கும் ஆடுகளங்கள் நிறைந்த எமது நாடுகளில் வேகப்பந்து வீச்சாளன் நம்பியிருக்கும் கலை அது. வியர்வை போதாதா என்றால், அதற்கு வியர்க்க வேண்டுமே! குளிர்நாட்டின் காலைப் பொழுதில் யாருக்கு வியர்க்கும்? எங்கள் கற்பிட்டிக் கரையில் சோளகம் வீசும் மாதங்களில், நெற்றியில் அரும்பிய வியர்வை விரலுக்கு வருமுன்னே காய்ந்துவிடும். வாயில் ஊறுவது மட்டும் எந்தத் தேசத்திலும், எந்தப் பருவத்திலும் ஊறும்.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். அவற்றை மறைத்துவிட்டு வாதிடுவது பத்திரிகை தர்மம் அல்ல.

முதலாவது, கிரிக்கெட் சட்டங்களின் காவலரான மெரிலபோன் கிரிக்கெட் கழகம் சொன்னது. தடைக்குப் பின் பந்தின் வளைவில் மாற்றம் சிறிதும் இல்லை அல்லது மிகக் குறைவு. வியர்வையே போதுமாக இருக்கிறது என்றது அக்கழகம். 2023 செப்டெம்பரில் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் மொஹமட் சிராஜ் 21 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை வீழ்த்தி, எமது அணியை 50 ஓட்டங்களுக்குள் சுருட்டியதையும் சிலர் சுட்டிக்காட்டுவர். அந்த மாலையை எந்த இலங்கையர் மறப்பார்? ஆனால் சிராஜ் கையில் இருந்தது புதிய பந்து. நான் பேசுவது பழைய பந்தைப் பற்றி. தவிரவும், தடையினால் மாற்றமேதும் இல்லை என்றால், தடையை நீக்குவதாலும் மாற்றமேதும் இராதல்லவா? பிறகு அதனை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பானேன்? மாற்றம் உண்டென்றால், ஒரு தரப்பிடமிருந்து எதையோ பறித்துவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டில் எது உண்மையாயினும் முடிவு ஒன்றே.

இரண்டாவது வாதம் கனமானது. வாயில் இனிப்பை வைத்துக்கொண்டு பந்தில் எச்சில் பூசும் தந்திரம். 2016இல் தென்னாபிரிக்கத் தலைவர் பாப் டு பிளெசி இதற்காகத் தண்டிக்கப்பட்டார். அயலானைச் சொல்வானேன்? 2018 ஜூனில் சென். லூசியாவில் எமது அணித்தலைவர் தினேஷ் சந்திமால் மீதே இக்குற்றச்சாட்டு எழுந்தது. எமது அணி களமிறங்க மறுத்துச் சுமார் இரண்டு மணிநேரம் ஆட்டம் தடைப்பட்டது. ஈற்றில் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டு, அடுத்த டெஸ்டில் ஆடத் தடைவிதிக்கப்பட்டது. எமக்கு அது தலைகுனிவுதான். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அவ்விருவரையும் தண்டிக்க அன்றிருந்த விதியே போதுமாக இருந்தது. பந்தில் செயற்கைப் பொருள் பூசுவது அன்றும் குற்றம், இன்றும் குற்றம். தண்டிக்க வேண்டியது இனிப்பை, உமிழ்நீரை அல்ல. வெயிலுக்குப் பூசும் களிம்பு வியர்வையோடு கலந்து பந்தில் ஏறக்கூடும் என்பதும் எல்லோரும் அறிந்ததே. அதற்காக வியர்வையைத் தடைசெய்தார்களா?

மூன்றாவது வாதம் சுகாதாரம். மீண்டும் ஒரு தொற்று வந்தால்? வந்தால் மருத்துவர்கள் சொல்லட்டும், அன்றே நிறுத்தட்டும். அதற்கான அதிகாரத்தை விதியிலேயே எழுதி வைக்கலாம். விக்கெட் விழுந்ததும் பதினொருவரும் கட்டித் தழுவிக்கொள்ளும் மைதானத்தில், பந்தில் படும் எச்சில் மட்டும் ஆபத்து என்பது சிறுபிள்ளை வாதம்.

இதைவிட எனக்கு விளங்காதது பேரவையின் முரண்பாடு. 2011 ஒக்டோபர் முதல் ஒருநாள் போட்டிகளில் இரு முனைகளிலிருந்தும் இரு புதிய பந்துகள் பயன்படுத்தப்பட்டன. ஒவ்வொரு பந்துக்கும் 25 ஓவர்தான் ஆயுள். பந்து பழசாவதற்குள் இன்னிங்ஸ் முடிந்துவிடும். ரிவர்ஸ் ஸ்விங் ஒருநாள் போட்டியிலிருந்து ஏறத்தாழ மறைந்தது. 2018இல் சச்சின் டெண்டுல்கரே இதனைக் கடுமையாகக் கண்டித்தார். அவர் துடுப்பாட்ட வீரர் என்பதை நினைவிற் கொள்க. ஆடவர் ஒருநாள் போட்டி வரலாற்றில் முதலாவது இரட்டைச் சதம் வர 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2011 ஒக்டோபருக்குப் பின் அவை வரிசையில் வந்தன. 2014 நவம்பரில் கொல்கத்தாவில் ரோஹித் சர்மா எமக்கெதிராக 264. 2023 உலகக் கிண்ணத்தில் டில்லியில் தென்னாபிரிக்கா எமக்கெதிராக 428. 2024 பெப்ரவரியில் பல்லேகலையில் எமது பெத்தும் நிசங்க ஆட்டமிழக்காமல் 210. இவற்றுக்கெல்லாம் பந்து விதி மட்டும் காரணமல்ல. துடுப்பும் களத்தடுப்புக் கட்டுப்பாடுகளும் ஆடுகளங்களும் கூடக் காரணந்தான். ஆனால் எல்லாக் காரணங்களும் ஒரே பக்கம் சாய்வதுதானே பிரச்சினை!

பேரவை இதனை உணர்ந்ததற்குச் சான்று உண்டு. 2025 ஜூலை 2ஆம் திகதி முதல், 34 ஓவர் வரை இரு பந்துகள், அதன் பின் களத்தடுப்பு அணி தெரிவுசெய்யும் ஒரே பந்து என்று விதி மாறிற்று. இன்னிங்ஸ் முடியும்போது அப்பந்து 33 ஓவர் உழைத்திருக்கும். இவ்விதியோடு முதலாவது தொடர் எமது மண்ணிலேயே, பங்களாதேஷ் அணிக்கெதிராக ஆடப்பட்டது. பந்தின் முதுமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதனைப் பேணும் வழியை மட்டும் கொடுக்கவில்லை. உடப்பில் கரைவலை இழுப்போரிடம் வலையைக் கொடுத்துவிட்டுக் கயிற்றை வைத்துக்கொள்வது போன்றது இது.

இந்தியன் பிரீமியர் லீக் காத்திருக்கவில்லை. 2025 மார்ச்சில், அணித்தலைவர்களில் பெரும்பாலானோரின் ஆதரவோடு இந்திய கிரிக்கெட் சபை இத்தடையை அங்கே நீக்கியது. அதே மாதத்தில்தான் மொஹமட் ஷமி உமிழ்நீரை அனுமதிக்குமாறு வெளிப்படையாகவே கோரியிருந்தார். வெர்னன் பிலாண்டரும் டிம் சௌதியும் அவருக்குத் துணைநின்றனர். துடுப்பாட்டத்தின் திருவிழாவான அந்தத் தொடரிலேயே இடம் உண்டென்றால், டெஸ்ட் போட்டியில் ஏன் இல்லை?

ஒரு துளி எச்சிலுக்கு இத்தனை வரிகளா என்று நீங்கள் கேட்கக்கூடும். எனக்கு இது எச்சில் பற்றிய வழக்கு அல்ல.

1996 மார்ச் 17ஆம் திகதி இரவு, லாகூரில் எமது அணி உலகக் கிண்ணத்தை வென்றபோது, நான் புத்தளம் பகுதியில் அகதி முகாமொன்றில் இருந்தேன், செய்தி சேகரிக்க. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் ஓலைக் கொட்டில்களில் வாழ்ந்த காலம். வாகன பற்றரியில் இயங்கிய ஒரு சிறு தொலைக்காட்சியின் முன் முகாம் முழுவதும் குந்தியிருந்தது. மறுநாட் காலை, உப்புப் பூத்த வெளியில் சிறுவர்கள் விளையாடினார்கள். துடுப்பு, தென்னை மட்டையில் செதுக்கியது. அதுவும் முழு முகாமுக்கும் ஒன்றே. ஆனால் பந்துவீச ஒரு நீண்ட வரிசை நின்றது. ஒவ்வொருவனும் பந்தைக் காற்சட்டையில் தேய்த்து, விரலை நாவில் தொட்டு, தொலைக்காட்சியில் கண்ட வாஸைப் போல ஓடி வந்தான். தேய்ந்த டெனிஸ் பந்துக்கு மெருகாவது மண்ணாவது! ஆனால் தானும் ஒரு வீரன் என்ற நினைப்பு அந்த விரல் நுனியில் இருந்தது.

துடுப்பு வாங்கக் காசு வேண்டும். காலுறையும் கையுறையும் தலைக்கவசமும் வாங்க இன்னும் வேண்டும். பந்து வீசத் தோள் போதும். ரத்கமக் கடற்கரையில் மென்பந்து வீசி வளர்ந்த லசித் மாலிங்க, 2007 உலகக் கிண்ணத்தில், வெற்றிக்கு 4 ஓட்டங்களே தேவைப்பட்ட தென்னாபிரிக்காவின் 4 விக்கெட்டுகளை அடுத்தடுத்த 4 பந்துகளில் பெயர்த்தெடுத்தார். அன்று இரு புதிய பந்துகள் என்ற விதி இருக்கவில்லை. ஏழைப் பையன் இந்த விளையாட்டுக்குள் நுழையும் வாசல் பந்துவீச்சு. அந்த வாசலை ஒவ்வொரு விதியாகக் குறுக்கிக்கொண்டே போனால், முந்தல், உடப்பு, கற்பிட்டிப் பையன்கள் நான்குக்கும் ஆறுக்கும் பந்து பொறுக்கிப் போடுகிறவர்களாகவே மிஞ்சுவார்கள்.

எனது கோரிக்கை மூன்று. ஒன்று, சர்வதேச கிரிக்கெட் பேரவை ஓராண்டுக்குப் பரீட்சார்த்தமாகவேனும் டெஸ்ட், ஒருநாள் போட்டிகளில் உமிழ்நீர்த் தடையை நீக்க வேண்டும். இரண்டு, செயற்கைப் பொருள் பூசுவோருக்கான தண்டனையைக் கடுமையாக்க வேண்டும். மூன்று, இந்திய சபை தனது தொடரில் செய்ததை இலங்கை கிரிக்கெட் நிறுவனம் எமது உள்ளூர்ப் போட்டிகளில் செய்துகாட்ட வேண்டும். சிலாபம் மேரியன்ஸ் போன்ற கழகங்களின் இளம் பந்துவீச்சாளர்களிடமிருந்தே அது தொடங்கட்டும். கெடுதல் விளைந்தால் அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்ளலாம். விதி வேதவாக்கல்லவே.

புறப்படும்போது பேரனிடம் இக்கதையைச் சொன்னேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு கேள்வி கேட்டான்:

"எடுத்தது பிழை எண்டு தெரிஞ்ச பிறகும் ஏன் அம்மப்பா குடுக்கேல்ல?"

பேரவையிலுள்ள பெரியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.