பாறை ஊற்றும் வீட்டுக் கிணறும்

சாந்தோம் மாதா கோயிலில் தோமையார் கல்லறை இருப்பது ஊரறிந்த விஷயம். அவர் பெயரால் வழங்கும் ஊற்று ஒன்றும் சென்னையில் உண்டு. அதைப் பார்க்கச் சைதாப்பேட்டைப் பக்கம் போய், அடையாற்றை ஒட்டிய சின்னமலை ஏற வேண்டும்.

பிரசங்கம் கேட்க வந்த ஜனங்கள் தாகத்தால் தவித்தார்களாம். தோமையார் கைத்தடியால் பாறையைத் தட்டினாராம், நீர் சுரந்ததாம். 1551-ல் போர்த்துக்கீசியர் அங்கே கோயில் கட்டினார்கள். அதற்கு வெகு முன்பே, 13-ம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, தோமையார் உயிர்விட்ட இடத்துச் செம்மண்ணை ஜுரக்காரர்களுக்குக் கொடுக்கிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்.

இன்றும் ஊற்றுநீரைப் பாட்டிலில் பிடித்துப் போகிறார்கள். நெற்றியில் திருநீறு உள்ளவரும் பிடிக்கிறார். 'நீ எந்த மதம்?' என்று யாரும் கேட்பதில்லை. அயர்லாந்திலும் இப்படிப் புனிதக் கிணறுகள் ஏராளம். அங்கே கிணற்றை வலமாகச் சுற்றி, பக்கத்து மரத்தில் துணிக் கிழிசலை முடிந்துவிட்டு வருவார்கள். நம் ஊர் மரத்தில் தொட்டில் கட்டுகிற பெண்ணிடம் இதைச் சொன்னால், "இதிலென்ன அதிசயம்?" என்பாள்!

மூடநம்பிக்கை என்று சிரிப்பவர்கள் உண்டு. குழந்தைக்கு ஜுரம் என்றால் முதலில் டாக்டரிடம் ஓடுங்கள். அதில் எனக்கும் தகராறு இல்லை. பாறை வெடிப்பில் மழைநீர் கசிந்து ஊறும் என்பதும் படித்தவர்களுக்குத் தெரியும். இருக்கட்டும். புனித ஊற்று என்று சொல்லிவிட்டார்களே, அதில் குப்பை கொட்ட யாருக்காவது கை வருமா?

நம் வீட்டுக் கிணறுகளை நினைத்துப் பாருங்கள். செருப்புக் காலோடு கிணற்றடிக்குப் போனால் என் பாட்டி விரட்டுவாள். பிள்ளை பெற்றவள் எழுந்து வந்து கிணற்றுக்கு மஞ்சள் குங்குமம் இடுவாள். அந்தக் கிணறுகளைத்தான் செங்கல் உடைசலைக் கொட்டி மூடினோம். இப்போது மேலே கார் நிற்கிறது. சாந்தோம் போன்ற கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதந்து நிற்பது. மழையை உள்ளே விடாமல் ஆழ்குழாய் போட்டு உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே வராமல் என்ன செய்யும்? 2003-ல் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பைச் சட்டமாக்கினார்கள். பல வீடுகளில் அது ஒரு குழாயோடு சரி. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோமே!

உங்கள் வீட்டில் மூடிய கிணறு இருந்தால், ஐப்பசி மழைக்கு முன் பழகிய ஆளைக் கூப்பிட்டுத் தூர் வாருங்கள். மொட்டைமாடிக் குழாயை அதில் திருப்பி விடுங்கள். மஞ்சள் குங்குமம் வைப்பதும் வைக்காததும் உங்கள் இஷ்டம்.