அரவை இயந்திரமும் அம்மாவின் ஓய்வும்

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு வாதுமை மரம் நிற்கிறது. நாட்டு வாதுமை என்று புத்தகம் சொல்லும். எங்கள் தெருவில் பாதாம் மரம் என்றால்தான் தெரியும். தை பிறந்து சில நாட்களில் அதன் இலைகள் ஓரம் மஞ்சளாகி, பின் செம்மை ஏறி, இறுதியில் அரக்குச் சிவப்பாகி ஒவ்வொன்றாய் உதிரும். காலை வெயில் பின்னாலிருந்து விழும்போது மரம் முழுவதும் விளக்கேற்றியது போலிருக்கும். இலையுதிர் கால அழகைக் காணக் கனடா நாட்டுக்குத்தான் போக வேண்டும் என்று எண்ணுகிறவர்கள் ஒருமுறை எங்கள் கொல்லைக்கு வந்து பார்க்கட்டும்!

நம் முன்னோர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் இலையுதிர் காலம் என்று ஒன்று இல்லை. ஆயினும் இலை உதிராமல் இல்லை. குளிர்நாடுகளில் பகல் குறுகிக் குளிர் ஏறும்போது மரங்கள் இலையை விடுகின்றன. இங்கு மழை ஓய்ந்து மண் வறளத் தொடங்கும்போது விடுகின்றன. இலையின் பச்சையம் சிதைகிறது. அதுவரை அதற்குள் மறைந்திருந்த மஞ்சள் வெளித்தெரிகிறது. சிவப்போ மறைந்திருந்ததன்று, ஆந்தோசயனின் என்னும் நிறமியாகப் புதிதாய் உண்டாவது. உதிரப்போகும் இலை கடைசி நேரத்தில் ஒரு புதுநிறம் செய்துகொள்கிறது என்று எங்கள் அறிவியல் ஆசிரியை சொன்னபோது வகுப்பே வியந்தது.

அந்த மரத்தடியில் எங்கள் ஆச்சியின் ஆட்டுக்கல் கிடக்கிறது. சென்ற ஆண்டு பழைய கிரைண்டரின் மோட்டார் எரிந்துபோயிற்று. சரிசெய்ய ஆள் கிடைக்கவில்லை. ஐந்து மாதம் அம்மா அந்தக் கல்லில்தான் மாவாட்டினார்கள். ஒரு கையால் குழவியைச் சுற்றி, மறுகையால் மாவைத் தள்ளி, ஒன்றரை மணி நேரம். மிக்சியில் அரைத்தால் என்ன என்று கேட்டோம். கத்தியின் வேகத்தில் மாவு சூடேறிவிடும், உளுந்து பொங்காது, இட்லி கல்லாகும் என்றார்கள். அது உண்மை என்பதை ஒருநாள் அரைத்துப் பார்த்தே அறிந்துகொண்டோம்.

மார்கழி இறுதியில் மேசைமேல் வைக்கும் புதுக் கிரைண்டர் வந்தது. இரண்டு லிட்டர் கொள்ளளவு. எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியை என்னென்பது! ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும். இதிலோ பாத்திரம் சுற்ற, குழவிக் கற்கள் இருந்த இடத்திலேயே உருளுகின்றன. மெதுவாகச் சுற்றுவதால் மாவு குளிர்ந்தே இருக்கிறது. அரைமணியில் உளுந்து வெண்ணெயாய்ப் பொங்கி மேலே வந்தது. ஆச்சி ஒரு துளி மாவைத் தண்ணீரில் போட்டு, அது மிதப்பதைப் பார்த்த பிறகுதான் இயந்திரத்துக்கு நற்சான்று கொடுத்தார்கள்.

இந்தப் பொறி நம் நாட்டிலேயே பிறந்தது என்பதில் நமக்குப் பெருமை உண்டு. கோயம்புத்தூரில் 1955-ஆம் ஆண்டு பி. சபாபதி என்பவர் இதனை உருவாக்கினார் என்பர். ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ 2005-06-இல் புவிசார் குறியீடும் பெற்றது. 2011-இல் தமிழக அரசு மிக்சி, மின்விசிறியுடன் இதையும் விலையின்றி வழங்கத் தொடங்கியது. எத்தனை இலட்சம் கைகளுக்கு நோவு குறைந்திருக்கும்!

ஆனால் தோழியரே, நாங்கள் சொல்ல வந்தது இயந்திரத்தின் புகழையன்று.

கிரைண்டர் வந்த முதல் வாரம் அம்மாவுக்கு ஒரு மணி நேரம் மிஞ்சியது. இரண்டாம் வாரம் அந்த ஒரு மணி நேரத்தைக் காணோம்! அரைப்பதுதான் எளிதாயிற்றே என்று புதன்கிழமை அடை கேட்டோம். வெள்ளிக்கிழமை பணியாரம் கேட்டோம். அப்பா உளுந்த வடையை நினைவூட்டினார்கள். அடுத்த தெருச் சித்தி தன் வீட்டு அரிசியையும் ஊறவைத்துக் கொண்டுவந்தார்கள். முன்பு ஆட்டுக்கல்லுக்கு முன் அமர்ந்தபோதாவது அம்மா மரத்தடியில் இருந்தார்கள். இப்போது அடுக்களையை விட்டு வெளியே வருவதேயில்லை. அந்த ஆண்டு வாதுமை என்றுமில்லாதபடி சிவந்தது. “அம்மா, மரத்தைப் பார்த்தீர்களா?” என்று கேட்டோம். “பார்க்காமல் என்ன, காலையில் மூன்று கூடை அள்ளினேனே” என்றார்கள்.

நாங்கள் வாயடைத்து நின்றோம். எங்களுக்குச் செவ்விலையாய்த் தெரிந்தது அவர்களுக்குக் குப்பையாய்த் தெரிந்திருக்கிறது. குற்றம் அவர்கள் கண்ணில் இல்லை. துடைப்பம் அவர்கள் கையில் இருந்தது. நம் பள்ளி முற்றமும் நாம் வருமுன்னே சுத்தமாகிவிடுகிறது. யார் கை அதைச் செய்கிறது என்று நாம் கேட்டதுண்டோ?

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்னும் அமெரிக்க வரலாற்றறிஞர் 1983-இல் வெளியிட்ட நூலில் இதையே ஆராய்ந்தார்: வீட்டுக்குள் இயந்திரங்கள் வந்தும் தாய்மாரின் வேலை நேரம் குறையவில்லை, செய்ய வேண்டியவைதாம் பெருகின என்று. நம் நாட்டரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பும் இருக்கிறது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 2019-இல் 299 நிமிடம், 2024-இல் 289. ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம், பின்னர் 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்ததே என்று மகிழப் போனால், ஆண்களும் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

எனவே எங்கள் கருத்து இது. இயந்திரம் மிச்சப்படுத்தும் நேரம் யாருடைய உழைப்பிலிருந்து மிஞ்சியதோ அவருக்கே உரியது. அதைப் பணியாரமாகவும் வடையாகவும் நாம் தின்றுவிடக் கூடாது. இயந்திரம் ஓடும்போது பக்கத்தில் நின்று மாவைத் தள்ளிவிடவும், பிறகு கற்களைக் கழற்றிக் கழுவவும் ஒரு கை வேண்டியிருக்கிறது. உண்மையில் கழுவுவதே பெரிய வேலை; விளம்பரத்தில் அதைக் காட்டுவதில்லை. அந்தக் கை அம்மாவின் கையாகவே இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அது பெண்பிள்ளைகளின் கையாக மட்டும் இருக்க வேண்டும் என்பதையும் நாங்கள் ஒப்பவில்லை. இதைப் படிக்கும் தந்தையர் எங்களை மன்னிக்க வேண்டும்.

சென்ற சனிக்கிழமை அரவையை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். இலையையும் நாங்களே பெருக்கினோம். அம்மாவை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். “ஏளா, தண்ணிய ஒரேயடியா ஊத்தாதீங்க” என்று ஆச்சி திண்ணையிலிருந்து குரல் கொடுத்தும் ஊற்றிவிட்டோம். அம்மா இருமுறை எழுந்து உள்ளே வந்தார்கள். இருமுறையும் திருப்பி அனுப்பினோம். மூன்றாம் முறை வரவில்லை. எட்டிப் பார்த்தால், ஒரு செவ்விலையைக் கையில் எடுத்து வெயிலில் உயர்த்திப் பிடித்திருந்தார்கள்.

மறுநாள் இட்லி தட்டையாகத்தான் வந்தது. வரும் சனிக்கிழமை அப்பாவின் முறை. உளுந்து ஊறவைக்க மறக்கக் கூடாதென்று நாட்காட்டியில் எழுதி வைத்திருக்கிறோம்.