சாட்சிக் கையொப்பம் ஓர் உபகாரமல்ல

"நானா, சும்மா ஒரு கையொப்பம்தானே, போட்டுவிட்டுப் போங்களேன்." நொத்தாரிசு அலுவலகத்துக்கு வேறு அலுவலாகப் போனவருக்கும் இந்த அழைப்பு வருவதுண்டு. விற்பவர் யாரென்றே தெரியாமல் காணி உறுதியில் சாட்சியாக ஒப்பமிட்டுவிட்டு வீடு திரும்புவோர் எம்மத்தியில் இருக்கிறார்கள். அந்த ஒப்பத்தின் பாரத்தை அவர்கள் அறிவதில்லை.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி, அசையா ஆதனத்தைக் கைமாற்றும் உறுதியொன்று நொத்தாரிசு முன்னிலையிலும், ஒரே நேரத்தில் சமுகமளித்துள்ள இரு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்பட வேண்டும். ஒருவர் காலையிலும் மற்றவர் மாலையிலும் வந்து ஒப்பமிடுவதற்குச் சட்டத்தில் இடமில்லை.

அடுத்த கேள்வி, ஒப்பமிடுபவர் உண்மையில் அவர்தானா என்பது. 1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசு கட்டளைச் சட்டம் இதற்கு இரு வழிகளை வைத்திருக்கிறது. ஒப்பமிடுபவரை நொத்தாரிசு அறிந்திருக்க வேண்டும். இல்லையேல் சாட்சிகள் இருவரும் அறிந்திருக்க வேண்டும். இரண்டாவது வழியில், சாட்சிகள் நற்பெயருள்ளவர்கள் என்பதையும், அவரது சரியான பெயர், தொழில், வதிவிடம் ஆகியவற்றை அறிந்தவர்கள் என்பதையும் நொத்தாரிசு திருப்திப்படுத்திக்கொள்ள வேண்டும். தாம் அவரை நன்கறிவோம் என்று சாட்சிகள் உறுதியின் அடியில் பிரகடனம் செய்து ஒப்பமிடுகிறார்கள்.

'சும்மா ஒரு கையொப்பம்' என்பதன் உண்மையான பொருள் இதுதான். நொத்தாரிசுக்குத் தெரியாத ஒருவரை, அலுவலக லிகிதரும் வழிப்போக்கரும் "தெரியும்" என்று எழுதிக் கொடுத்தால், ஆள்மாறாட்டம் செய்பவருக்குக் கதவு திறந்துவிடுகிறது.

காணி மோசடிகள் பெருகியதால் 2022இல் இது தொடர்பான சட்டங்கள் திருத்தப்பட்டு, கையொப்பத்துடன் பெருவிரல் அடையாளமும் கோரப்பட்டது. வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால் ரேகை, பின்னர் நீதிமன்றில் ஆளைக் கண்டுபிடிக்கவே உதவும். ஒப்பமிடும் மேசையில் அது எதையும் சொல்லிவிடாது. அடையாள அட்டையும் போலியாக இருக்கலாம். அந்த நேரத்தில் மோசடியைத் தடுக்கக்கூடியது, ஆளை அறிந்த மனிதரின் வாய்மை மட்டுமே.

காணிப் பதிவகம் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பதும் தவறு. நொத்தாரிசு ஒவ்வொரு மாதத்தின் உறுதிகளது இரண்டாம் பிரதிகளை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் அங்கே அனுப்ப வேண்டும். ஆனால் ஒப்பமிட்டவர் யாரென்பதைப் பதிவாளர் நேரில் காண்பதில்லை. பதிவு செய்யப்பட்டதால் மட்டும் போலி உறுதி உண்மையாகிவிடுவதுமில்லை.

இதில் அதிகம் பாதிக்கப்படக்கூடியவர்கள் எமது தாய்மாரும் சகோதரிகளும். உறுதியோ அற்றோணித் தத்துவமோ வீட்டுக்கு வருகிறது. "இந்த இடத்தில் ஒப்பம் வையுங்க உம்மா" என்று மகனோ சகோதரனோ விரல் காட்டுகிறார். நொத்தாரிசும் இல்லை, சாட்சிகளும் இல்லை. வாசிக்கத் தெரியாதவருக்கு ஆவணத்தை வாசித்து விளக்குவது நொத்தாரிசின் சட்டக் கடமை. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்ட ஆவணத்தைத் தமிழ் மட்டும் அறிந்த உம்மாவின் முன் வைத்துவிட்டு, அவர் விளங்கியே ஒப்பமிட்டார் என்று எப்படிச் சொல்வது? சீதனமாகவோ வாரிசாகவோ வந்த காணி கைமாறியது பல வருடங்களின் பின் தெரிய வரும்போது, குடும்பமே இரண்டாகிவிடுகிறது.

வீட்டுக்கு வரும் காகிதத்தில் ஒப்பமிடாமல், நொத்தாரிசு எதிரில் இருக்கும்போது மட்டுமே ஒப்பமிடுவோம். தமிழில் விளக்குமாறு கேட்போம். காணி வாங்குபவர், பதிவேட்டைத் தேடாமலே எழுதுமாறு நொத்தாரிசிடம் கூறி அவசரப்படுத்த வேண்டாம். சாட்சியாக அழைக்கப்பட்டால், ஒப்பமிடும் ஆளை உண்மையில் தெரியுமா என்று எம்மையே கேட்டுக்கொள்வோம்.

உறுதியின் உண்மைத்தன்மை நீதிமன்றில் சவாலுக்குட்பட்டால், அந்தச் சாட்சி கூண்டில் ஏற நேரலாம். "எனக்கு அவரைத் தெரியாது, கேட்டார்கள், போட்டேன்" என்று அங்கே சொல்வதைவிட, இன்றே "எனக்குத் தெரியாது" என்று மறுத்துவிடுவது எவ்வளவோ மேல்.