"வயசானா அப்படித்தான்": இதைச் சொல்றதை முதல்ல நிறுத்துங்க

1/ கவரைப்பேட்டையில இருந்து ஒரு பொண்ணு, அப்பாவோட எம்ஆர்ஐ கவரைத் தூக்கிட்டு வந்தாங்க. அப்பாவுக்கு 67. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். நடை தளர்ந்துடுச்சு, கேட்ட கேள்விக்குப் பதில் மெதுவா வருது. ரிப்போர்ட்ல "வயது சார்ந்த வெண்பொருள் மாற்றங்கள்"னு ஒரு வரி. முன்னாடி பார்த்த இடத்துல "வயசானா அப்படித்தான்மா"ன்னு சொல்லி ஞாபகசக்தி மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்காங்க. பிரஷர் யாரும் பார்க்கல. நான் பார்த்தேன். 178/96.

2/ ஸ்கேன்ல தெரியுற அந்த வெள்ளைத் திட்டு என்ன? மூளையோட ஒரு பகுதியை இன்னொரு பகுதியோட இணைக்கிற நரம்பு இழைகள்தான் வெண்பொருள். அதுக்கு ரத்தம் போறது ரொம்ப மெல்லிய குழாய்கள் வழியா. வருஷக்கணக்கா பிரஷர் ஏறியே இருந்தா அந்தக் குழாய்ச் சுவர் தடிச்சு இறுகிடும். ரத்தம் சரியா போகாம இழைகள் சேதமாகும்.

3/ வயசுக்கும் இதுல பங்கு உண்டு. அறுபதைத் தாண்டின பலருக்கு ஒண்ணு ரெண்டு புள்ளி இருக்கும், அதுக்குப் பயப்பட வேண்டாம். ஃபஸேகாஸ்னு ஒரு அளவுகோல் 1987-லயே வந்தாச்சு, 0 முதல் 3 வரை. சிதறின புள்ளிகள் 1. ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பெரிய திட்டானா 3. அந்த 3-ஐயும் "வயசு"ன்னு தள்ளிவிடுறது அநியாயம். பக்கவாதம், டிமென்ஷியா ரெண்டுக்கும் ஆபத்து கூடுதுன்னு அது சொல்லுது.

4/ "வந்தது வந்துடுச்சு, இனி என்ன பண்றது?"ன்னு கேட்கறீங்களா? அமெரிக்காவின் ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வு, 2019. 9,361 பேர். மேல் பிரஷரை 120-க்குக் கீழ் வைக்க முயன்றவங்களுக்கு, 140-க்குக் கீழ் இலக்கு வெச்சவங்களை விட லேசான மறதிநிலை 19% குறைவு. வெள்ளைத் திட்டு வளர்ற வேகமும் குறைவு. டிமென்ஷியா குறைஞ்சதுன்னு மட்டும் உறுதியா நிரூபிக்க முடியல. அதையும் நேர்மையா சொல்லிடறேன்.

5/ எல்லாருக்கும் 120 சரிவராது. எழுந்தா தலைசுத்தி விழறவங்களுக்குக் கவனமா குறைக்கணும். இலக்கை உங்க டாக்டர் முடிவு பண்ணட்டும். ஆனா அளக்காமலே எப்படி முடிவு பண்ணுவாங்க?

6/ வந்த திட்டை அழிக்கிற மாத்திரை இன்னைக்கு வரைக்கும் கிடையாது. பல ஆயிரம் ரூபாய்க்கு ஸ்கேன் எடுக்கிறோம். சில ரூபாய் பிரஷர் மாத்திரையை "நார்மல் ஆயிடுச்சு"ன்னு நாமளே நிறுத்திடறோம். மாத்திரை போடுறதாலதாங்க அது நார்மல்!

7/ 2021 ஆகஸ்ட் 5-ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து தருது. கேட்டு வாங்குங்க. சிகரெட்டை விடுங்க. இன்னைக்கே அப்பா அம்மாவுக்குப் பிரஷர் பாருங்க.

அடுத்த தடவை யாராவது "வயசானா அப்படித்தான்"னு சொன்னா, "பிரஷர் எவ்ளோ டாக்டர்?"னு திருப்பிக் கேளுங்க.